கைகண்ட பரிசோதனையா? மும்பை மார்பகப் புற்றுநோய் ஆய்வின் ஒரு மறுவாசிப்பு

மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய மார்பகக் கைப்பரிசோதனை ஆய்வின் இருபதாண்டு முடிவு 2021இல் வெளிவந்தது. அன்று முதல் அதை ஒரு வாய்பாடாகவே ஒப்பித்து வருகிறோம்: மேமோகிராம் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற கை போதும், ஐம்பதுக்கு மேற்பட்டோரிடம் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்னும் தேசியத் திட்டத்துக்கும் இதுவே சான்றாகக் காட்டப்படுகிறது. தரவு அவ்வளவு தூரம் நம்மோடு வருகிறதா என்பது என் ஐயம்.

35–64 வயதுப் பெண்கள் 1,51,538 பேரில் கண்ட மார்பகப் புற்றுநோய் இறப்பின் மொத்தக் குறைவு 15 விழுக்காடு. இரு குழுக்களின் இறப்பு விகிதத்துக்கு நம்பக இடைவெளி 0.71 முதல் 1.01 வரை; 1 அதற்குள் அடங்குவதால் இந்தக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம். ஐம்பதைக் கடந்தோரின் பலன் பின்னாளில் தரவைப் பகுத்தபோது கிடைத்தது. அதைப் பொய்யென்று தள்ள மாட்டேன். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோர் ஒப்பீட்டுக் குழுவில் 47 விழுக்காடு, பரிசோதனைக் குழுவில் 37 என்பதோடு அது பொருந்துகிறது. ஒரு கொள்கையை அதன் தலையில் ஏற்றலாமா என்பது வேறு கேள்வி.

சிக்கல் ஆய்வமைப்பிலேயே இருக்கிறது. பரிசோதனைக் குழுவினருக்கு ஈராண்டுக்கு ஒன்றாக நான்கு சுற்று. ஒவ்வொன்றிலும் கைப்பரிசோதனையோடு விழிப்புணர்வுப் பேச்சும் உண்டு. ஒப்பீட்டுக் குழுவுக்கு அந்தப் பேச்சு ஒரே ஒரு முறை. கிடைத்த பலனில் கையின் பங்கு எவ்வளவு, வாயின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இங்கே வழியில்லை. ஷாங்காயில் 2,66,064 பஞ்சாலைப் பெண்களிடையே நடந்த சுயபரிசோதனை ஆய்வில் இறப்பு குறையவில்லையே, வெறும் பேச்சு என்ன செய்யும் என்று கேட்பார்கள். அங்கே சோதிக்கப்பட்டது பெண் தன் கையாலேயே தேடும் பயிற்சி. அந்த எதிர்வாதத்துக்கு அது அதிகம் உதவாது.

எனக்கு முக்கியமாகப் படுவது இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட கால இடைவெளி. நோய் கண்டறியப்பட்ட சராசரி வயது பரிசோதனைக் குழுவில் 55.18, ஒப்பீட்டுக் குழுவில் 56.50. அதாவது கைப்பரிசோதனை ஈட்டித் தந்தது ஒன்றேகால் ஆண்டுக்குச் சற்று மேல். சுற்றுகள் முடிந்தபின் கண்டறிந்தவையும் இந்தச் சராசரியில் கலந்திருப்பதால் உண்மையான ஈட்டம் கூடுதலாகவே இருக்கும். இரு மடங்கென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்தாண்டு இடைவெளியில் கணிசமான கட்டிகள் இரு சுற்றுகளுக்கு நடுவேதான் தலைகாட்டும். ஈராண்டில் கிடைத்த சான்றை ஐந்தாண்டுக்கு நீட்டுவது, பாதி மாத்திரைக்கு முழு மாத்திரையின் பலனை எழுதிவைப்பது போன்றது. ஏன் ஐந்தாண்டு என்றால், ஆள்பலம் போதாது என்பது நிர்வாகத்தின் பதில். சான்றின் பதில் அன்று.

நீண்ட இடைவெளி இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. முதலாண்டில் ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டுச் சென்ற பெண், இரண்டாமாண்டில் கையில் கட்டி தட்டுப்பட்டால் உடனே வருவாளா, அந்தப் பழைய சொல்லை நம்பித் தாமதிப்பாளா? மும்பைத் தரவிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. அங்கே ஒப்பீட்டுக் குழுவினரைக்கூட ஈராண்டுக்கு ஒருமுறை தேடிச் சென்று விசாரித்தார்கள்.