முட்டுக்கட்டை போடுங்கள்!

பசுமலைக்குப் பக்கத்தில்தான் திருப்பரங்குன்றம். பங்குனித் திருவிழாவில் அங்கே பெரிய தேர் மலையையே சுற்றி வரும். வடம் பிடிக்க ஆயிரம் கைகள். ஆனால், தேரின் போக்கு சக்கரத்தருகே குனிந்தபடி ஓடும் சிலரின் கையில்தான் இருக்கிறது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள்! எந்த நொடியில், எந்தச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நாமோ, 'எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதப்பா' என்று அதைத் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டோம்.

கிரேன் கதையும் இதுதான். தூக்குவதற்கு மனிதன் சீக்கிரமே கற்றுக்கொண்டான். 'தூக்காதே' என்று சொல்லக் கற்கத்தான் பல உயிர்களை விலை கொடுத்தான்.

தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவது லேசு. அதையே கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள்... தோள் கழன்றுவிடும்! கிரேனும் அப்படித்தான். பாரம் தள்ளிப்போகப் போகத் தாங்கும் சக்தி குறையும். எவ்வளவு தூரத்தில் எத்தனை டன் என்ற அட்டவணையைப் படிப்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். இரண்டாவது பாடம், காலடி மண். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கோடையில் பாறை மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்தால் களி! கிரேனின் கால்களுக்கு அடியில் கனத்த பலகை கொடுக்காமல் வேலையைத் தொடங்கக்கூடாது.

மூன்றாவது, காற்று. 1999 ஜூலை 14. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பேஸ்பால் ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 450 டன்னுக்கும் அதிகமான கூரைத் துண்டை 'பிக் ப்ளூ' என்ற ராட்சத கிரேன் தூக்கியது. அகலமான அந்தக் கூரை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும் என்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. கிரேன் சரிந்தது. 3 தொழிலாளர்கள் பலி. கட்டுமான கிரேன் ஓட்டுநர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் வேண்டும் என்று அந்த நாடு விதி வகுத்தது 2010-ல்தான்!

நாம் மட்டும் சளைத்தவர்களா? 1948 தொழிற்சாலைச் சட்டமே, பாரம் தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்கச் சொன்னது. எவ்வளவு தூக்கலாம் என்பதை இயந்திரத்தின் மேலேயே எழுதி வைக்கச் சொன்னது. 1998 கட்டுமான விதிகள், ஓட்டுநருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்றன. காகிதத்தில் குறையில்லை.

ஆனால், 2021 ஆகஸ்ட் 28-ம் தேதி மதுரை நத்தம் சாலையில், ஜாக்கி வைத்துத் தூக்கிய பாலத்தின் கான்கிரீட் உத்தரம் விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். பிழைப்புக்காக வடக்கேயிருந்து வந்தவர். 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதி கோயில் திருவிழா. சாமிக்கு மாலை போட பக்தர்களை ஏற்றிய கிரேன், கூட்டத்தின் மேலேயே சாய்ந்தது. 4 உயிர்கள் போயின. இரும்பைத் தூக்கும் இயந்திரத்தில் மனிதர்களைத் தொங்கவிட, அங்கே 'வேணாம்ணே, இறங்குங்க' என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லையே!

கிரேன் பயிற்சியில் ஒரு பொதுவிதி உண்டு. 'தூக்கு', 'இறக்கு', 'திருப்பு' என்று சைகை காட்ட ஒருவருக்கு மட்டுமே உரிமை. ஆனால், 'நிறுத்து' என்ற சைகையை யார் வேண்டுமானாலும் காட்டலாம். மேஸ்திரி காட்டினாலும், மண் சுமக்கும் பெண் காட்டினாலும், ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் நிறுத்தியாக வேண்டும்.

முட்டுக்கட்டைக்கு இதைவிட மரியாதை வேறென்ன வேண்டும்!