நில்லாத குழலை நிறுத்திய கதை

சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமேயுடைய அற்ப அவயவமாகத் தோன்றினும், ஓயாது அலையலையாகச் சுருங்கித் தன்னுள் அகப்பட்டதையெல்லாம் கீழே தள்ளிவிடும் சுபாவமுடையதாகையால், அதனுள் ஒரு குழலை நுழைப்பதைக் காட்டிலும், நுழைத்ததை அங்கே தங்கச்செய்வதே வைத்தியர்களுக்குப் பெரும் பிரயாசையாக இருந்தது. நுழைக்கும் வழியை, கியூபாவில் பிறந்து பாரிஸில் கீர்த்திபெற்ற அல்பரான், மூத்திரப்பையை நோக்கும் கருவியில் ஒரு சிறு நெம்புகோலைப் பொருத்தி 1897-இலேயே சுலபமாக்கிவிட்டார்.

1943-இல் அமெரிக்கரான டேவிஸ், குறுகிய சிறுநீர்க்குழாயை நெடுகக் கீறி, உள்ளே ஒரு குழலை வைத்துத் தைக்காமல் விட்டால், சில வாரங்களில் அதைச் சுற்றிச் சதை தானே வளர்ந்து மூடிக்கொள்ளும் என்று காட்டினார். அக்காலக் குழல்கள் பெரும்பாலும் விலாப்புறத்தின் வழியே வெளியே வந்திருந்தமையால் அவற்றைத் தோலோடு பிணைத்துவைக்க முடிந்தது. நோயாளி பட்ட அவஸ்தை வேறு விஷயம்.

முழுதும் உள்ளேயே கிடக்கும் சிலிக்கோன் குழலை 1967-இல் சிம்ஸ்கைண்டும் அவர் சகாக்களும் கொண்டுவந்தபோதுதான், அது வழுக்கி இறங்கும் சங்கடம் தலைதூக்கியது. கிப்பன்ஸ் என்பவர் குழலின் பக்கங்களில் முட்கள் வைத்துப் பார்த்தார். நழுவுவது குறைந்தது, நுழைப்பது கடினமாயிற்று. 1978-இல் ஃபின்னி இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் வளைத்தார். உள்ளே கம்பி இருக்கும்வரை நேராக நிற்கும் அக்குழல், கம்பியை உருவியதும் பூர்வ வடிவத்தை நினைவுகூர்ந்து, மேலே சிறுநீரகத்திலும் கீழே மூத்திரப்பையிலும் சுருண்டு பற்றிக்கொள்ளும். இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் 'டிஜே ஸ்டென்ட்' என்று வழங்குவது இதுவே.

1976-இல் ஸ்வீடனில் முதுகுப்புறத்துச் சிறு துளைவழியே கல்லை எடுக்கும் முறை தோன்றியபின், விலாவில் வடிகுழாய் வைப்பதே நெடுநாள் நியதியாயிருந்தது. தக்க நோயாளிகளுக்கு அதை விடுத்து உள் ஸ்டென்ட் மட்டும் போதும் என்ற துணிவு 1990-களில்தான் பரவியது. 1993-இல் லாப்ராஸ்கோப் மூலம் சிறுநீரக வாயின் அடைப்பைச் சீர்செய்யும் சிகிச்சை பிரசுரமானதும் வேறொரு சங்கடம் எழுந்தது. வயிற்றுக்குள்ளிருந்து கீழ்நோக்கிச் செலுத்திய குழலின் நுனி மூத்திரப்பையை அடைந்ததா என்பதைக் கண்ணாலும் காண இயலாது, விரலாலும் தொட இயலாது. மூத்திரப்பையை நீலச்சாயம் கலந்த நீரால் நிரப்பிவைத்து, அந்நீலம் குழலின் மேல்நுனியில் கசிந்தால் நுனி சேர்ந்துவிட்டதென்று கொண்டார்கள். இத்தனை நுட்பமான கருவிகளுக்கிடையே இந்த எளிய யுக்தியே எனக்கு மிகவும் பிரியமானது.

வெளியே தெரியாத குழலை நோயாளியும் மறந்துபோவதுண்டு. மாதக்கணக்கில் கிடந்தால் உப்புப் படிந்து கல்லாகி, அதை எடுப்பதற்கே இன்னொரு சிகிச்சை வேண்டியதாகிவிடும். ஆகவே ஸ்டென்ட் வைத்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் குறித்துவைத்து, நாள் தவறியவர்களைக் கூப்பிட்டனுப்பும் வழக்கமும் இந்தச் சிகிச்சையின் அங்கமாகிவிட்டது.