உதிரப்பட்டி முதல் இழப்பீடு வரை: நெல்லைச் சீமைத் தொழிலாளர் உரிமை வரலாறு

1. முன்னுரை

பிறர்பொருட்டு உழைக்குங்கால் ஒருவன் உயிரையோ உறுப்பையோ இழப்பின், அவன் குடும்பத்தைத் தாங்கும் கடன் யாருடையது? மிகப் பழைய இவ்வினாவுக்குத் தமிழகமும், சிறப்பாக நெல்லைச் சீமையும், கண்ட விடைகளை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனைச் சட்ட நூலார்க்கே உரிய பொருளெனக் கருதுதல் பொருந்தாது. கல்வெட்டும் சொல்லும் இதற்குச் சான்றாதலின் தமிழாய்வாளர்க்கும் இதில் பங்குண்டு.

2. கொடையாக இருந்த ஈடு

வடதமிழ் நாட்டு நடுகற்களில் ‘நெய்த்தோர்பட்டி’ என்னும் சொல் பயில்கின்றது. நெய்த்தோர் என்பது குருதி. பூசலில் பட்ட வீரனுக்காக அவன் குடும்பத்தார்க்கு விடப்பட்ட நிலமே நெய்த்தோர்பட்டியாகும். பிற்காலக் கல்வெட்டுகள் இதனை உதிரப்பட்டி என வழங்கும். இறந்தோனைச் சார்ந்தோர் வாழ்வதற்கு வழி செய்யவேண்டும் என்னும் அறவுணர்வு இந்நாட்டிற்குப் புதிதன்று என்பது இவற்றால் பெறப்படும். எனினும் ஒன்று கருதத்தக்கது. இது கொடையே, கொடுப்போர் திருவுள்ளத்தைச் சார்ந்தது. வீரனுக்குக் கிடைத்த இச்சிறப்பு உழவனுக்கும் கூலியாளுக்கும் பொதுவான உரிமையாக விரிந்திலது.

3. ஆலையும் தொடக்கச் சட்டங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொருநையாற்றின் நீர்விசையைக் கொண்டு பாபநாசத்திலும், பின்னர்த் தூத்துக்குடியிலும் ஆர்வி குழுமத்தார் பஞ்சாலைகளை அமைத்தனர். உழைப்போர்க்கு எந்திரத்தால் வரும் ஊறு புதியதோர் இடராயிற்று.

அக்காலச் சட்டங்கள் யாருக்குத் துணைநின்றன என நோக்குவோம். 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம், பிறர் பிழையால் இறந்தோனின் குடும்பத்தார் வழக்கிட இடந்தந்தது. ஆயின் பிழையை மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்கிடுவோரையே சார்ந்தது. கணவனை இழந்த கூலிப்பெண் ஆலை முதலாளியின் பிழையை உரிமையியல் நீதிமன்றத்தில் நிறுவுதல் எளிதோ? மறுபுறம், 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் முன்பணம் பெற்றுப் பணியினின்று நீங்கிய தொழிலாளியைச் சிறையிடவும் வழிசெய்தது. முதலாளியின் பிழை உரிமையியல் வழக்காகவும், தொழிலாளியின் பிழை குற்றமாகவும் கொள்ளப்பட்ட காலம் அது. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எந்திரங்களுக்கு வேலியிடவும் விபத்தை அறிவிக்கவும் பணித்தது. விபத்துச் செய்தி அரசுக்குச் சென்றது. அடிபட்டோனுக்கோ அச்சட்டத்தால் ஈடு ஏதும் வந்திலது.

4. 1908: ஏட்டிலிருந்த உரிமை

1891ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆலைத் தொழிலாளர்க்கு வார ஓய்வை, சில விலக்குகளுடன், விதித்திருந்தது. அதன்பின் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, கூலி உயர்வோடு வார ஓய்வும் அவர்தம் கோரிக்கையாக இருந்தது. சட்டத்தில் இடம்பெற்ற ஒன்றைப் போராடிக் கேட்கவேண்டியிருந்தது என்பதே இவ்வரலாற்றின் நடுப்பொருள் என்பது நம் கருத்து. எழுதப்பட்ட உரிமை, அறியப்பட்டுக் கேட்கப்படும்வரை ஏட்டளவினதே.

இத்தொழிலாளர்க்கு வழிகாட்டியவர் வ. உ. சிதம்பரனார், உடனின்றவர் சுப்பிரமணிய சிவா. பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்துத் தமிழுலகின் நன்றிக்குரியவரான வ. உ. சி., வழக்கறிஞராகவும் விளங்கினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மார்ச்சுத் திங்கள் தொடக்கத்தில் ஆலையார் இணங்கினர். ஆயின் மார்ச்சு 12இல் தலைவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் நெல்லையில் எழுந்த கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் இரையாயினர். பாளையங்கோட்டைச் சிறையில் வைக்கப்பட்டிருந்த வ. உ. சி.க்கு, நீதிபதி பின்ஹே சூலை 7இல் அரசநிந்தனைக் குற்றத்தின்மேல் இரட்டை ஆயுள்தண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. தொழிற்சங்கத்திற்குச் சட்டக் காப்பளித்த சட்டம் பிறந்தது 1926இல்தான் என்பதை நோக்கின், 1908ஆம் ஆண்டுத் தொழிலாளர் எத்துணை அரணின்றி நின்றனர் என்பது விளங்கும்.

5. 1923: கொடை உரிமையாதல்

1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1924 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே பெருந்திருப்பம் எனலாம். முதலாளியின் பிழையை மெய்ப்பிக்கவேண்டும் என்னும் சுமையை அது நீக்கிற்று. ஊறு பணியின் காரணமாக எழுந்ததாகவும், பணிக்காலத்தில் நிகழ்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் பொருந்தின் ஈடு உரித்து. குடிமயக்கம், காப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றல் போன்ற சில நிலைகளே விலக்கு.

மேலும் இரு விதிகள் உற்றுநோக்கத்தக்கன. இழப்பீட்டு உரிமையைத் துறப்பதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஒன்று. எழுத்தறியாதவன் இட்ட கைந்நாட்டு அவன் உரிமையைப் பறிக்காவண்ணம் இது காத்தது. இறந்தோன் பொருட்டான தொகையை ஆணையரிடமே செலுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. சிறுதொகையைக் கைம்பெண் கையில் தந்து பொறுப்பைக் கழித்துக்கொள்வதை இது தடுத்தது.

1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டதும் இக்காலத்தையே சாரும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை திருத்தம் பெற்று, இறுதியில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கிற்று. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது.

6. சொல் காட்டும் உண்மை

இனிச் சொல்லாராய்ச்சி ஒன்று. ‘பட்டி’ என்பது விடப்பட்ட நிலத்தைச் சுட்டியது. அங்கே கொடுப்போன் தோன்றுகின்றான். ‘ஈடு’ என்பதோ ஒப்பு எனவும் பொருள்படும். இழப்பீடு என்பது இழப்புக்கு ஒப்பானது. இங்கே இழந்தோன் தோன்றுகின்றான். அருளைக் குறித்த சொல் போய் அளவைக் குறித்த சொல் வந்தமை, சமுதாயத்தின் நோக்கு மாறியதற்குச் சான்றாகும்.

7. முடிவுரை

சட்டம் வந்தவுடன் உரிமை வந்துவிடுவதில்லை. 1999 சூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக நெல்லை மாவட்ட ஆட்சியரிடம் முறையிடச் சென்ற ஊர்வலத்தின்மேல் காவலர் தடியடி நடத்தினர். பொருநையாற்றில் பதினேழு உயிர்கள் மாய்ந்தன. 1908இல் எழுந்த வினா அன்றும் ஓய்ந்திலது. ஈட்டைக் கோரும் காலவரையறை, கோருதற்குரிய இடம், கோருதற்குரியார் ஆகியவற்றை உழைப்போர் தம் மொழியில் தெளிவாக அறிதல் வேண்டும். அவற்றை விளங்கும் தமிழில் எழுதித் தருதல் தமிழ் கற்றோர் கடனாகும். உதிரப்பட்டியைக் கல்லில் பொறித்தவன் அதனை ஊரார் படிக்கும் தமிழிலேயே பொறித்தான் என்பதை நாம் மறத்தலாகாது.