மலைநாடும் புகைப்பட வில்லைகளும்

மலைநாட்டுக்குப் படம் எடுக்கப் புறப்படும் ஒருவர் இன்று முதலில் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே காட்டவல்ல ஒரே சூம் வில்லையைக் கமராவிற் பொருத்திக்கொண்டு கைவீசி நடப்பதா, அல்லது வேலைக்கு ஒன்றாக மூன்று நான்கு வில்லைகளைப் பையிலிட்டுச் சுமப்பதா என்பதே அது. கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் சிறு வினாவாக இது தோன்றலாம். ஆயின், ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் இவ்வினாவின் வரலாறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு பழையது. சுமையை யார் சுமந்தார், படத்தில் யார் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தார் என்ற இரு செய்திகளும் அவ்வரலாற்றில் அடங்கியுள்ளன.

நேயர்களே, பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், புகைப்படக் கலையின் தொடக்ககால மேதைகளுள் ஒருவர். இவருடைய கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் அத்தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், 1875இல், குடும்பத்தோடு இங்கு வந்து குடியேறினார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தார். அவர் இலங்கையில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. ஊர்மக்களும் தோட்டங்களில் உழைத்தவர்களும் அவற்றிலே காணப்படுகின்றனர்.

கமரன் அம்மையார் பல வில்லைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர் அல்லர். இங்கிலாந்தில் அவருடைய முதற் கமராவில் ஜாமின் என்னும் பிரெஞ்சு வில்லை இருந்தது. 1866இல் 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் தகடுகளுக்குரிய பெரிய கமராவுக்கு மாறியபோது, 30 அங்குலக் குவியத் தூரமுள்ள டால்மேயர் வில்லையைப் பெற்றார். அவருக்கு வேண்டியது மனித முகம். அதற்கு அவர் அருகிற் செல்லவேண்டும். எதிரே இருப்பவரும் நெடுநேரம் அசையாமல் இருக்கச் சம்மதிக்கவேண்டும்.

அக்காலப் படமுறை ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலருமுன்னரே படத்தை எடுத்துக் கழுவியும் முடித்துவிடவேண்டும். எனவே படம் எடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், போத்தல்கள், முக்காலி ஆகிய அனைத்தும் உடன் செல்லவேண்டும். 1863இல் சாமுவேல் போர்ன் என்பவர் சிம்லாவிலிருந்து இமயமலைக்குப் புறப்பட்டபோது அவருடன் ஏறத்தாழ முப்பது சுமைகாரர் சென்றனர். இலங்கையில் கொழும்பு ஸ்கீன் நிறுவனத்தாரும், 1870களில் கண்டியில் நிலையம் நடத்திய சார்ல்ஸ் ஸ்கோவனும் தோட்டங்களையும் மலைகளையும் படமெடுத்தனர். புகைவண்டி 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் மலையேறிய ஒவ்வொரு பெட்டியும் மாட்டு வண்டியிலோ மனிதர் தலையிலோதான் ஏறியது. வில்லை ஒன்றா, பலவா என்பது அன்று இன்னொருவரின் கழுத்து நோவைப் பற்றிய கேள்வி.

இச்சுமையைக் குறைக்கும் ஆசை அப்பொழுதே பிறந்துவிட்டது. டால்மேயரின் வில்லை ஒத்த இரு பகுதிகளால் ஆனது. ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு மற்றதை மாத்திரம் பயன்படுத்தினால் குவியத் தூரம் ஏறத்தாழ இரட்டிக்கும். படத்தின் தெளிவு குறையும். பித்தளைக் குழல் ஒன்றும் பல கண்ணாடிகளும் அடங்கிய பேழைகளும் விற்பனைக்கு வந்தன. கண்ணாடிகளை வெவ்வேறாகச் சேர்த்து ஐந்தாறு குவியத் தூரங்களைப் பெறலாம். இன்றைய சூம் வில்லைக்கு இவற்றை முன்னோர் எனலாம். வசதிக்குத் தெளிவை விலையாகக் கொடுக்கும் வழக்கும் அன்றே தொடங்கியது.

1925இல் சிறிய லைக்கா கமரா விற்பனைக்கு வந்தது. 1930இல் அதன் வில்லைகளைக் கழற்றி மாற்றும் வசதியும் வந்தது. சுமை ஒரு தோட்பைக்குள் அடங்கியதால் பல வில்லைகளை வைத்திருப்பது எளிதாயிற்று. 35 மில்லிமீற்றர்ப் புகைப்படக் கமராவுக்கான முதல் சூம் வில்லையாகிய சூமார் 1959இல் வெளிவந்தது. அதன் வீச்சு 36 முதல் 82 மில்லிமீற்றர்வரை மாத்திரமே. 1992இல் டம்ரொன் நிறுவனம் 28 முதல் 200 வரையிலான வில்லையைக் கொணர்ந்தது. அதே நிறுவனம் 2017இல் 18 முதல் 400 வரையிலான வில்லையை வெளியிட்டது. அகன்ற பள்ளத்தாக்கையும் அடுத்த மலையின் ஒற்றை மரத்தையும் நின்ற இடத்திலிருந்தே எடுக்க இந்த ஒரு வில்லை போதும்.

இதன் நன்மையை மலைநாடு நன்கு உணர்த்தும். தலவாக்கலை அருகே 97 மீற்றர் உயரமான டெவன் நீர்வீழ்ச்சியைப் பாதையிலிருந்து பார்க்கும்போது, மூடுபனி திரைபோல் விலகிச் சற்று நேரத்தில் மீண்டும் மூடிவிடும். வில்லையை மாற்ற முனைந்தால் காட்சி போய்விடும்; திறந்த கமராவுக்குள் ஈரமும் புகும். ஈரக் காற்றில் வில்லைக் கண்ணாடியில் பூஞ்சணம் படர்வது இப்பகுதியில் எவரும் அஞ்சவேண்டிய தீங்கு. நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளேறிச் சிவனொளிபாத மலையை அடைபவருக்கோ ஒவ்வொரு இறாத்தலும் பாரமே. உதயத்தின்போது மலையின் முக்கோண நிழலுக்கு அகன்ற பார்வையும், தூரத்து மலைத்தொடருக்கு நெடும்பார்வையும் சில நிமிடங்களுக்குள் வேண்டும். அங்கே ஒற்றை வில்லைக்காரரே பாக்கியசாலி.

ஆயினும் அவ்வில்லைக்கு ஒளி குறைந்த இடம் ஆகாது. நெடும்பார்வை முனையில் அதன் ஒளித்துளை எஃப் 6.3 அளவுக்குச் சுருங்கும். எஃப் 2.8 அளவுள்ள வில்லையோடு ஒப்பிட்டால் உட்புகும் ஒளி ஐந்தில் ஒரு பங்கே. விடியற்காலைப் பெரட்டு, லயக் காம்பராவின் அடுப்படி, மாசி மாதத்து இரவில் ஆடப்படும் காமன் கூத்து ஆகியவற்றை எடுக்க அது திணறும். ஆகவே சூம் வில்லை ஒன்றுடன், ஒளி மிகுதியாகப் புகவிடும் சிறிய நிலைக்குவிய வில்லை ஒன்றையும் கொண்டுசெல்வது தக்கது. இரண்டுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் பையிலேயே உறங்கும்.

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். பழைய தோட்டக் காட்சிப் படங்கள் பலவற்றில் கொழுந்து பறிப்போர் மலைச்சரிவின் அளவைக் காட்டும் புள்ளிகளாகவே நிற்கின்றனர். நெடும்பார்வை வில்லை அப்புள்ளியை முகமாக்கிவிட்டது. ஆனால், பாதையோரத்தில் வாகனத்தை நிறுத்தி, அப்பெண் அறியாமலே அவள் முகத்தைக் கவர்ந்து செல்லவும் அதுவே வழி செய்துவிட்டது. கமரன் அம்மையார் தோட்ட உரிமையாளரின் மனைவி. அவர் முன் அமர்ந்தவர்களுக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்தது என்பது ஐயத்துக்குரியது. அவர்களுள் பலருடைய பெயரும் எழுதிவைக்கப்படவில்லை. எனினும், எடுக்கப்பட்டவரும் எடுத்தவரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

இன்று அப்படி அருகே செல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அது நம் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. நீர்வீழ்ச்சிக்கும் மலைமுடிக்கும் நெடும்பார்வை வில்லை தாராளமாக உதவட்டும். மனிதரைப் படமெடுக்கும்போது சிறிய வில்லையைப் பொருத்தி, தேயிலை வரிசைகளினூடே ஏறிச் சென்று, வணக்கம் சொல்லி, பெயரைக் கேட்டு, சம்மதம் பெற்று எடுப்போமாக. எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுப்பதும் நம் கடன். அந்த ஏற்றத்துக்குச் சுமைகாரர் எவரும் தேவையில்லை.