தேய்வதற்கென்றே வைத்த சாந்து



இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது அங்கேயே வீடு வாங்கிவிட்டார்கள். நூறு, நூற்றிருபது வருடத்துப் பழைய செங்கல் வீடுகள். அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919க்கு முன் கட்டியதுதான் என்பதால் இதில் வியப்பில்லை. அந்த வீடுகளின் கூரைமேல் நிற்கும் புகைபோக்கியைப் பற்றி, இன்னும் சரியாகச் சொன்னால் அதன் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்தைப் பற்றி இன்று எழுதுகிறேன். வரலாறு என்றால் அரசர்களும் போர்களும்தான் என்று நினைத்து வகுப்பில் தூங்கியவர்களும் படிக்கலாம். அரை அங்குலத்துக்கும் குறைவான அந்தச் சாந்திலும் நானூறு வருட வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தின் சாதாரண வீடுகளுக்குப் புகைபோக்கி பிந்தித்தான் வந்தது. அதற்கு முன் கூடத்தின் நடுவில் தீ எரியும். புகை கூரை இடுக்குகள் வழியே எப்படியோ வெளியே போகும். எசெக்ஸ் பகுதியில் ராட்விண்டர் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577ல் வெளிவந்த தன் நூலில் ஒரு செய்தி சொல்கிறார். தங்கள் ஆயுளில் கண்ட பெரிய மாறுதல்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் மூன்றைச் சொன்னார்களாம். அதில் ஒன்று, புதிது புதிதாக எழுந்த புகைபோக்கிகள்! ஒன்று பெருகினால் அரசாங்கம் சும்மா இருக்குமா? 1662ல் அடுப்பு வரி வந்தது. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். மக்கள் வெறுத்த அந்த வரி 1689ல் நீங்கியது.

இதற்கிடையே 1666ல் லண்டன் பெருந்தீ. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மறு ஆண்டே, நகரில் இனி செங்கல்லாலோ கல்லாலோதான் வீடு கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. பின்னர் நிலக்கரியும் ரயிலும் வந்தன. விக்டோரியா ராணி காலத்தில் தொழில் நகரங்களில் தெருத்தெருவாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. அறைக்கு அறை கணப்பு, கூரைக்குக் கூரை புகைபோக்கி.

அந்தச் செங்கற்களை ஒட்டி வைத்தது எது? சிமென்ட் இல்லை. சுண்ணாம்பும் மணலும்தான்.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்து வைத்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். கல்லில் தொடங்கிக் கல்லிலேயே முடியும் ஒரு சுற்று. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் சமன்பாடாக எழுதியிருப்பீர்கள்.

இந்தச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. அது குறை இல்லை. அதுதான் அதன் வேலை. சுவர் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். சாந்து அதற்கு இடம் கொடுக்கும். சுவருக்குள் போன மழைநீர் சாந்தின் நுண்துளை வழியாகவே வெளியேறும். போகும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் சாந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிந்து தேயும், செங்கல் அப்படியே நிற்கும். ஒரு தலைமுறைக்கோ இரண்டு தலைமுறைக்கோ ஒருமுறை கொத்தனார் வந்து, தேய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து அடைத்துவிட்டுப் போவார். நம் ஊரில் பாயிண்டிங் என்று சொல்கிறோமே, அந்த வேலைதான். விலை உயர்ந்த செங்கல்லைக் காப்பாற்ற விலை குறைந்த சாந்து தன்னைக் கொடுக்கிறது.

புகைபோக்கியில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும். வீட்டுச் சுவருக்கு ஒரு பக்கம்தான் மழை. புகைபோக்கிக்கு நாலு பக்கமும் மழை, நாலு பக்கமும் காற்று. சாந்துக்குள் புகுந்த நீர் பனிக்காலத்தில் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருத்து உள்ளிருந்தே நெம்பும். உட்புறம் நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கும். வீட்டிலேயே அதிகம் அடிபடும் இடமும், ஏணி வைத்து யாரும் ஏறிப் பார்க்காத இடமும் அதுவே.

இனி சிமென்ட் கதை. 1756ல் எடிஸ்டன் கலங்கரை விளக்கத்தைக் கட்டும் பொறுப்பு ஜான் ஸ்மீட்டனிடம் வந்தது. கடல் அலைக்கு நடுவே சாதாரணச் சுண்ணாம்பு இறுகாது. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அந்தச் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று அவர் சோதித்துக் கண்டார். பின்னர் லீட்ஸ் நகரைச் சேர்ந்த கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், 1824 அக்டோபர் 21ல் போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். டார்செட் கரையில் கிடைக்கும் போர்ட்லாண்ட் கல்லைப் போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். 1860களில் பாசல்கெட் லண்டனின் பாதாளச் சாக்கடைகளைக் கட்டியபோது இந்தச் சிமென்டைப் பயன்படுத்தினார். தண்ணீர் நுழையக் கூடாத இடத்துக்கு அது அருமையான பொருள். சந்தேகமே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் அது மலிவானது. சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும், பூசிய பிறகும் பொறுமையாகக் காயவிட வேண்டும். சிமென்ட் அன்றைக்கே இறுகிவிடும். எனவே புது வீட்டுக்கு மட்டுமின்றி, பழைய வீட்டின் பழுதுக்கும் சிமென்டையே எடுத்தார்கள். தவறு அங்கேதான்.

லீட்ஸில் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் தன் வீட்டுப் புகைபோக்கியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 1890களில் கட்டிய வீடு. முன்பு இருந்தவர் எப்போதோ சிமென்டால் அடைத்திருக்கிறார். படத்தில் சிமென்ட் மட்டும் விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. செங்கற்கள் முகம் பொரிந்து உள்ளே குழிந்துவிட்டன. கீழே படுக்கையறைச் சுவரில் ஓதம். "சார், மறுபடியும் நல்ல கெட்டியா சிமென்ட் போட்டா சரியாகும்னு இங்க சொல்றாங்க, போடலாமா?" என்று கேட்டாள். ஆஸ்ப்டினின் ஊரிலிருந்தே வந்த கேள்வி!

நடந்தது இதுதான். சிமென்ட் செங்கல்லைவிட வலுவானது. நீரை வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் செங்கல் வழியாக வெளியேறுகிறது. உறைபனி செங்கல்லை உடைக்கிறது. தேய வேண்டியது தேயாமல், நிற்க வேண்டியது தேய்கிறது. புகையின் கந்தக உப்பும் ஈரமும் சிமென்டோடு சேர்ந்தால் சிமென்டே உப்பும். எந்தப் பக்கம் அதிக நேரம் ஈரமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அதிகமாக உப்ப, புகைபோக்கி மறுபக்கம் சாயத் தொடங்கும். அங்கே பழைய வீடுகளில் வளைந்து நிற்கும் புகைபோக்கிகள் பலவற்றின் கதை இது. சாந்தை மாற்றினால் போதும் என்ற நிலை போய், முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டிய நிலை வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி போய் எரிவாயு வந்தது. கணப்பு அணைந்தபின் புகைபோக்கியை உள்ளிருந்து காயவைத்த சூடும் போனது. பயன்படாத புகைபோக்கியை மேலேயும் கீழேயும் காற்றே புகாதபடி அடைத்துவிட்டால் உள்ளே ஓதம்தான் மிஞ்சும்.

அவளுக்கு நான் எழுதிய பதிலை எல்லோருக்கும் சொல்கிறேன். பழைய வீடு என்றால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே தேடுங்கள். சிமென்டை இயந்திரத்தால் அறுத்தால் செங்கல் ஓரம் போய்விடும். மெல்லிய உளியால் நிதானமாக எடுக்கச் சொல்லுங்கள். இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழமாவது சுரண்ட வேண்டும். தூசியைத் துடைத்து, நனைத்து, பிறகு அடைக்க வேண்டும். புகைபோக்கிக்கு நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு ஏற்றது. முடித்தபின் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். உறைபனி மாதங்களில் இந்த வேலையே கூடாது. பொரிந்த செங்கல்லை மட்டும் மாற்றினால் போதும். சாரம் கட்டும் செலவு பெரிது என்பதால், ஏறும்போதே உச்சியில் உள்ள பூச்சையும் கூரையோடு சேரும் இடத்து ஈயத் தகட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நீங்களாகக் கூரைமேல் ஏற வேண்டாம்.

வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது சொன்னதன் சாரமும் இதுவே. பழையதைப் புதிதாக்கிக் காட்டாதே, அன்றாடம் கவனித்துச் சிதைவைத் தடு.

உள்ளூரில் இருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நம் தாத்தாக்களின் வீடுகளும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்த காரையில் நிற்பவைதான். சுவர் உதிர்கிறது என்று மேலே சிமென்ட் பூசுகிறோம். நாலு மழைக்காலம் போனதும் ஓதம் ஏறுகிறது. "பழைய வீடு, இனி தாங்காது" என்று இடிக்கிறோம். தாங்காதது வீடு இல்லை, நாம் பூசிய பூச்சு. இடிக்கும் முன் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஒரு கொத்தனாரையாவது கூட்டிவந்து காட்டுங்கள். அப்படிப்பட்டவர் உங்கள் ஊரில் இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்