முட்டுக்கட்டை

பொங்கலுக்கு ஊருக்குப் போன கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். ஆபீஸ்ல ஆணி எல்லாம் ஒருவழியா புடுங்கி முடிச்சுட்டு ராத்திரி பஸ் ஏறினா, விடியற நேரத்துல பண்ருட்டி தாண்டி காடாம்புலியூர் பக்கம் பஸ் அப்படியே நின்னுடுச்சு. நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். இறங்கி நடந்தாக்கூட போய்ச் சேர்ந்துடலாம் போல இருந்துச்சு.

எட்டிப் பார்த்தா முன்னாடி ஒரு பெரிய டிரெய்லர். மேல தார்ப்பாய் போட்டு மூடின ஏதோ ஒரு இரும்பு யானை. எண்ணி முடிக்க முடியாத அளவுக்குச் சக்கரம். முன்னாடி ஒரு வண்டி இழுக்க, பின்னாடி ஒரு வண்டி தள்ள, நடக்கிற வேகத்துல போகுது. பக்கத்து சீட் பெரியவர் "இவனுங்களை எல்லாம் பகல்ல ரோட்டுல விடக்கூடாது தம்பி"ன்னு ஆரம்பிச்சுட்டார். எனக்கு அது காதுல விழல. டிரெய்லருக்கு ரெண்டு பக்கமும் தோள்ல மரக்கட்டையோட நடந்து போன ஆட்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வண்டி நின்னதும் ஓடிப்போய் சக்கரத்துக்கு அடியில கட்டையைச் செருகுறாங்க. கிளம்பும்போது உருவிக்கிட்டு விலகுறாங்க.

அட, இது நம்ம தேர்ல முட்டுக்கட்டை போடுற வேலைதானே!

அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் விடல. அதான் இந்தப் பதிவு.

பாரம் இழுக்கிறதைப் பத்திப் பேசும்போது எல்லாரும் எவ்வளவு இழுக்கும், எத்தனை குதிரைசக்தின்னுதான் கேப்பாங்க. இழுக்கிறது பெரிய விஷயமே இல்லைங்க. ஆயிரம் பேர் சேர்ந்து வடத்தைப் பிடிச்சா மலையும் நகரும். நகர்ந்ததை எப்படி நிறுத்துறது? கயிறு இழுக்கத்தான் உதவும், தள்ளாது. ஒரு சின்ன இறக்கம் வந்தா வடம் தொய்ஞ்சுடும். அதுக்கப்புறம் தேர் அது இஷ்டத்துக்குத்தான் போகும், வடம் பிடிச்சவங்க அதுக்கு முன்னாடி ஓடிக்கிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல தேருக்கும் ஜனங்களுக்கும் நடுவுல இருக்கிறது முட்டுக்கட்டை ஒண்ணுதான். நிறுத்துறதுக்கும் அதுதான், திருப்புறதுக்கும் அதுதான். கட்டையைக் கொஞ்சம் சாய்வா வெச்சா சக்கரம் அதுல ஏறி ஒரு பக்கமா வழுக்கும், தேர் திரும்பும். இவ்வளவையும் உருண்டு வர்ற சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குனிஞ்சு நின்னு செய்யணும். கை வழுக்கினா அவ்வளவுதான்.

(தமிழ்ல "முட்டுக்கட்டை போடாதே"ன்னு திட்டுறோம். யார் கண்டுபிடிச்சாங்களோ, நிச்சயமா தேருக்கு முன்னாடி வடம் பிடிச்சவரா இருக்க முடியாது.)

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்குங்க. அலங்காரத்தோட 96 அடி உயரம், சுமார் 300 டன் எடைன்னு சொல்வாங்க. 1948க்கு அப்புறம் ஓடாம நின்னுபோன தேர் 1970ல் மறுபடி ஓடுச்சு. இரும்பு அச்சு, இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் திருச்சி பெல் நிறுவனம் செஞ்சு கொடுத்தது. அனல்மின் நிலையத்துக்குக் கொதிகலன் செய்யிற கம்பெனி தேருக்கு பிரேக் செஞ்சிருக்கு பாருங்க! வடம் பிடிக்கிறவங்க போதாதுன்னு பின்னாடி புல்டோசர் வெச்சுத் தள்ளுறதும் அங்க வழக்கமாச்சு. முன்னாடி இழுக்க ஒண்ணு, பின்னாடி தள்ள ஒண்ணு. காடாம்புலியூர்ல நான் பார்த்த அதே ஏற்பாடு.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டும்போது தண்ணியோட கருப்பா ஏதோ வந்த கதை நெய்வேலில பிறந்த குழந்தைக்கும் தெரியும். 1956 நவம்பரில் கம்பெனி பதிவாச்சு. 1957 மே 20ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். பழுப்பு நிலக்கரியில ஈரம் ஜாஸ்தி, அதைத் தூரமா கொண்டு போனா தண்ணியைச் சுமக்கிற மாதிரி. அதனால சுரங்கத்து வாசல்லயே மின் நிலையத்தைக் கட்டிட்டாங்க. கரி கன்வேயர் பெல்ட்ல போயிடும், லாரிக்கு வேலை கம்மி. அந்த பிரம்மாண்டமான பக்கெட் வீல் இயந்திரங்களும் முழுசா டிரெய்லர்ல வந்ததில்ல. துண்டு துண்டா வந்து, இங்கயே பூட்டப்பட்டு, சொந்தக் கால்ல, அதாவது கிராலர்ல ஊர்ந்து போறவை.

ஆனா துண்டு போட முடியாத சாமான்னு சிலது இருக்கு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டரோட ஸ்டேட்டர். 50 மெகாவாட் யூனிட்டோட 1962ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பிச்ச ஊர் இது. அந்த முதல் அனல்மின் நிலையத்தை 2020ல் மூடினாங்க. பதிலுக்கு வந்த புது நிலையத்துல ஒவ்வொரு யூனிட்டும் 500 மெகாவாட். அந்த அளவு ஸ்டேட்டர் ஒரே துண்டா 200 டன்னுக்கு மேல வரும். அதைக் கழட்டிக் கொண்டு வர முடியாது. ரோடு அதே ரோடு, பாலம் அதே பாலம்.

அதுக்குத்தான் அத்தனை சக்கரம். எடையைப் பல அச்சுல பிரிச்சுக் கொடுத்தா பாலம் தாங்கும். எல்லா அச்சும் ஹைட்ராலிக்கால இணைஞ்சிருக்கும். ஒரு பக்கம் ரோடு தாழ்ந்தா அந்தப் பக்கம் உயர்ந்து மேடையை மட்டமா வெச்சுக்கும். நம்ம ரோடு ஓரமா எவ்வளவு சாய்வா இருக்குன்னு உங்களுக்கே தெரியும். உயரமான பாரம் லேசா சாய்ஞ்சா எடையெல்லாம் ஒரு பக்கம் போயிடும், மீட்கவே முடியாது. இறக்கத்துல, தள்ளிக்கிட்டு வந்த பின் வண்டிதான் பிடிச்சு நிறுத்தணும். ரெண்டு டிரைவரும் ஒரே மனசா இல்லாட்டி, பின்னால வர்ற பாரம் முன்வண்டியைத் தள்ளி மடக்குக் கத்தி மாதிரி மடிச்சுடும்.

தலைக்கு மேல இருக்கிறது இன்னொரு எமன். டிரெய்லருக்கு முன்னாடி நீளக் குச்சியோட போற ஆட்கள் கரண்ட் கம்பியைத் தூக்கிவிடுறதைப் பார்த்திருப்பீங்க. 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில பட்டு 11 பேர் செத்துப்போனாங்க. தேரா டிரெய்லரான்னு கம்பிக்குத் தெரியாது.

2018 கடைசியில வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையில இருந்து பெங்களூருக்குக் கிளம்பின பெருமாள் சிலை ஞாபகம் இருக்கா? ஒரே கல், 300 டன்னுக்கு மேல, 240 சக்கர வண்டி. கிளம்பினதுமே டயர் வெடிச்சுது. வழியில கடை, வீடெல்லாம் இடிச்சாங்க. கிருஷ்ணகிரி பக்கம் பாலம் தாங்காதுன்னு ஆத்துக்குள்ளயே மண் ரோடு போட்டாங்க. போய்ச் சேரும்போது 2019 ஜூன். நாம அதை மீம் போட்டுச் சிரிச்சோம். ஆனா அவ்வளவு மெதுவா போனதாலதான் அது போய்ச் சேர்ந்துச்சு. வேகம் ரெட்டிப்பானா நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு ஆகும், பள்ளிக்கூட ஃபிசிக்ஸ்.

இதெல்லாம் எழுதினப்புறம்தான் உறைச்சுது. இந்த மாதிரி யானைங்களைப் பார்த்து நான் பயந்ததே இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு ஜீப், பின்னாடி ஒரு ஜீப், சிவப்பு விளக்கு, கொடி, கட்டை பிடிக்க ஆளு. எங்க ஊர்ல ஆளைக் கொல்றது கரும்பு டிராக்டர்.

நெல்லிக்குப்பத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் அரவை சீசன்ல கரும்பு போகும். டிராக்டர் ஏறக்குறைய 2 டன், பின்னாடி கரும்போட அதைப்போல பல மடங்கு, சில சமயம் ரெண்டு டிரெய்லர். டிரெய்லருக்கு பிரேக் இருக்காது. இருக்கிற பிரேக் டிராக்டரோட பின் சக்கரத்துல. ஸ்டேட்டருக்குக் கட்டை பிடிக்க ஆள் வெச்ச அதே ரோட்டுல, இது ஒரு தனி ஆளோட கையில போகுது. கரும்பு ரெண்டு பக்கமும் பிதுங்கி, பின் விளக்கு இருந்தாலும் சோகைக்குள்ள மறைஞ்சு, ராத்திரியில ரோடும் அதுவும் ஒரே இருட்டு.

நான் ஏழாவது படிக்கும்போது கூடப் படிச்ச பையனோட அப்பா, செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு டிவிஎஸ் ஃபிஃப்டியில வந்தவர், பஞ்சராகி நின்ன ஒரு டிரெய்லர் பின்னாடி நேரா போய்ச் செருகிட்டார். விளக்கு இல்ல. எதிர்ல ஒரு பஸ் ஹைபீம்ல வந்துச்சாம். அடுத்த நாள் கிளாஸ்ல அவன் பெஞ்சு காலியா இருந்துச்சு. அரைப் பரீட்சைக்கு முன்னாடியே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு அவங்க சொந்த ஊருக்குப் போயிட்டாங்க.

இந்தப் பொங்கலுக்கு, காணும் பொங்கல் அன்னைக்கு ராத்திரி, அப்பாவும் நானும் வடலூர்ல இருந்து ஸ்கூட்டர்ல திரும்பினோம். வழியில ரோட்டுல பாதியை அடைச்சு நாலு கல்லு, ஒரு வேப்பங்கொத்து. ஏதோ ஒரு டிராக்டர் பஞ்சராகி நின்னப்ப டிரைவர் அடையாளத்துக்கு வெச்சது. டயர் மாத்திக்கிட்டு அவர் கிளம்பிட்டார், கல்லு அங்கயே கிடக்குது.

அப்பா வண்டியை ஓரங்கட்டினார். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு, முட்டி வலி வேற. "நான் தூக்கறேம்பா"ன்னேன். "நீ செல்லுல லைட்டைக் காட்டு, வர்றவனுக்குத் தெரியணும்"னார். நான் விக்கிரவாண்டி பக்கம் பார்த்து லைட்டை ஆட்டிக்கிட்டு நின்னேன். அவர் ஒவ்வொரு கல்லா உருட்டிக்கிட்டுப் போய் ஓரத்துல போட்டார்.