நீரின் நிலைமாற்றங்கள்

வெப்பத்தைப் பெறுவதாலோ இழப்பதாலோ நீரானது பனிக்கட்டி, திரவம், நீராவி ஆகிய மூன்று நிலைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது நிலைமாற்றம் எனப்படும். இது இயற்பியல் மாற்றம். எந்த நிலையிலும் நீர் மூலக்கூறு ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டதாகவே இருக்கிறது. மூலக்கூறுகளின் அடுக்கமைப்பும் இயக்கமும் மட்டுமே மாறுகின்றன. கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்தில் தூய பனிக்கட்டி 0 பாகை செல்சியசில் உருகும். நீர் 100 பாகையில் கொதிக்கும்.

மூலக்கூறு அமைப்பு

பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையிலுள்ள நான்கு மூலக்கூறுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்து, இடையே வெற்றிடங்கள் கொண்ட அறுகோணச் சட்டகமாக அமைகிறது. அங்கு மூலக்கூறுகள் தம் இடத்திலேயே அதிர்கின்றன. திரவ நீரில் இப்பிணைப்புகள் இடைவிடாமல் அறுந்து மீண்டும் உருவாகின்றன. அதனால் மூலக்கூறுகள் நெருக்கமாக இருந்தும் ஒன்றையொன்று கடந்து நகர்கின்றன. நீராவியில் அவை ஏறத்தாழ முழு விடுதலை பெற்று எல்லாத் திசைகளிலும் விரைகின்றன.

உள்ளுறை வெப்பம்

ஒரு பொருளுக்கு வெப்பம் தரும்போது அதன் வெப்பநிலை எப்போதும் உயர்வதில்லை. −20 பாகையிலுள்ள 1 கிலோகிராம் பனிக்கட்டியை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 42 கிலோஜூல் வெப்பம் போதும். அதன்பின் பனிக்கட்டி முழுவதும் உருகி முடிய 334 கிலோஜூல் தேவை. அதுவரை வெப்பநிலை 0 பாகையிலேயே நிற்கும். உருகிய நீரை 100 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 419 கிலோஜூல் செலவாகும். அந்நீர் முழுவதும் நீராவியாக மாற இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும். இந்தக் கட்டத்திலும் வெப்பநிலைமானி 100 பாகையைத் தாண்டாது.

உருகும்போதும் கொதிக்கும்போதும் தரப்படும் வெப்பம் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாமல், அவற்றிடையே உள்ள ஈர்ப்பை வெல்லச் செலவாகிறது. வெப்பநிலைமானியில் வெளிப்படாத இந்த வெப்பமே உள்ளுறை வெப்பம். ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜோசப் பிளாக் 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இதை அளந்து விளக்கினார். மாற்றம் எதிர்த்திசையில் நடக்கும்போது அதே அளவு வெப்பம் வெளிவிடப்படுகிறது. கொதிநீரைவிட நீராவி கடுமையான தீப்புண் ஏற்படுத்துவதற்குக் காரணம் இதுவே: தோலில் பட்டு நீராகும் ஆவி, தன் உள்ளுறை வெப்பம் முழுவதையும் அங்கே விடுகிறது.

உருகுதலும் உறைதலும்

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்குகின்றன, நீரோ விரிவடைகிறது. பனிக்கட்டியின் சட்டகத்திலுள்ள வெற்றிடங்களால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராமாகக் குறைகிறது; கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும், குளிர்நாடுகளில் உறைபனிக் காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் வெடிப்பதும் இதனால்தான். திரவ நீர் மிக அதிக அடர்த்தி பெறுவது ஏறத்தாழ 4 பாகையில். ஆகவே குளிர்நாட்டு ஏரிகளில் 4 பாகை நீர் அடியில் தங்க, உறைதல் மேற்பரப்பில் தொடங்குகிறது. மேலே படரும் பனிக்கட்டி வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் அடியிலுள்ள மீன்கள் குளிர்காலத்தைக் கடக்கின்றன.

கரைந்த உப்பு உறைநிலையைத் தாழ்த்துகிறது. கடல்நீர் உறைவது ஏறத்தாழ −1.9 பாகையில். படிகம் தொடங்குவதற்குத் தூசி போன்ற கரு இல்லாத தூய நீர் 0 பாகைக்குக் கீழும் திரவமாகவே இருக்கக்கூடும். இது மீக்குளிர்வு எனப்படும். மேகங்களின் நுண்துளிகள் −35 பாகைக்குக் கீழும் உறையாமல் இருப்பதுண்டு.

ஆவியாதலும் கொதித்தலும்

ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பில் நடக்கும். வேகம் மிகுந்த மூலக்கூறுகள் முதலில் வெளியேறுவதால் எஞ்சிய நீர் குளிர்கிறது. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பதும் அவ்வாறே. வெப்பம், காற்றோட்டம், மேற்பரப்பின் பரப்பளவு ஆகியவை கூடினால் ஆவியாதல் விரைவுபடும். காற்றின் ஈரப்பதம் கூடினால் மந்தமாகும்.

கொதித்தல் நீரின் உட்பகுதியிலும் நடக்கும். நீரின் ஆவியழுத்தம் வெளி அழுத்தத்துக்குச் சமமாகும்போது உள்ளேயே ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. எனவே வெளி அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் சுமார் 92 அல்லது 93 பாகையிலேயே கொதிக்கிறது. எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70 பாகை போதும். பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதால் கொதிநிலை 120 பாகையை நெருங்குகிறது. பருப்பு விரைவில் வேகிறது.

ஆவி சுருங்குதல்

நீராவி குளிர்ந்து மீண்டும் நீராவது ஆவி சுருங்குதல். காற்று, அதிலுள்ள நீராவி நிறைவுறும் வெப்பநிலையான பனிநிலைக்குக் கீழே குளிரும்போது இது தொடங்குகிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே வெண்மையாகத் தெரிவது, ஏற்கனவே சுருங்கிய நுண்ணிய நீர்த்துளிகளே. உயரே செல்லும் காற்று விரிந்து குளிர்ந்து, அதிலுள்ள நீராவி தூசி, கடலுப்புத் துகள்களைப் பற்றிக்கொண்டு துளிகளாவதால் மேகம் உருவாகிறது. அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் காற்றை மேலும் எழச் செய்கிறது. வெப்பமண்டலப் புயல்கள் தம் ஆற்றலை இதிலிருந்தே பெறுகின்றன.

பதங்கமாதலும் படிதலும்

பனிக்கட்டி திரவமாகாமலே நேரடியாக ஆவியாவது பதங்கமாதல். ஆவி நேரடியாகப் பனிப் படிகமாவது படிதல். வறண்ட குளிர்காற்றில் உறைபனி உருகாமலே குறைவது முதலாவதற்கும், நீலகிரியில் குளிர்கால விடியலில் புல்வெளிகளில் வெண்மையாகப் படியும் உறைபனி இரண்டாவதற்கும் எடுத்துக்காட்டு. உறைந்த உணவிலிருந்தும் மருந்திலிருந்தும் வெற்றிடத்தில் நீரை அகற்றும் உறையுலர்த்தல் முறை பதங்கமாதலைப் பயன்படுத்துகிறது.

முப்புள்ளியும் மாறுநிலைப் புள்ளியும்

0.01 பாகை வெப்பநிலையிலும் ஏறத்தாழ 611 பாஸ்கல் அழுத்தத்திலும் பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்கும். இது நீரின் முப்புள்ளி. இதற்குக் குறைந்த அழுத்தத்தில் திரவ நீர் நிலைத்திருக்காது. சூடேறும் பனிக்கட்டி நேரே ஆவியாகும். மறுமுனையில், ஏறத்தாழ 374 பாகையும் 22 மெகாபாஸ்கலும் கொண்டது மாறுநிலைப் புள்ளி. அதற்கு மேல் திரவம், ஆவி என்னும் வேறுபாடு மறைகிறது. கொதித்தலும் உள்ளுறை வெப்பமும் இல்லை. நவீன அனல்மின் நிலையங்கள் பலவற்றின் கொதிகலன்கள் இந்த எல்லைக்கு மேலேயே இயங்குகின்றன.